மாமனாரைச் சிறைப்பிடித்த படலம்

வாழ்க வீரன்! ஜெராக்ஸ் இயந்திரத்தின் வயிற்றில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவியெடுக்கும் விரல்வித்தகன், விடுமுறை நாட்களில் இணைய விளையாட்டு ஒன்றில் கல்மதில் அணியின் சட்டக்காவலன், கள்வர் கண்டு நடுங்கும் திண்தோளன் (அத்தோள் கணினித்திரையில் மட்டுமே திண்மையுடையது), அன்னவன் புகழ் பாடப் புகுந்தோம். நெற்றியில் நான்கு பச்சை விளக்கேந்தி அலமாரியின் உச்சியில் வீற்றிருக்கும் மோடமே, இக்கதை முடியுமட்டும் சிவக்காதிருப்பாயாக!

பதினான்கு திங்களுக்கு முன்னர், அந்த இணைய விளையாட்டின் சத்தியக்கல் முன்னே, நாற்பது அணித்தோழர் சாட்சியாக, வலக்கை உயர்த்தி நம் வீரன் உரைத்த வஞ்சினம் இது: "கடைவீதிக்குள் குதிரையேறி வருபவர் எவராயினும், என்னைப் பெற்றவரே ஆயினும், பெண் கொடுத்தவரே ஆயினும், கயிறு வீசிப் பிடித்துச் சிறையில் இடுவேன்!" அக்கல்லின் முன் சொன்ன சொல் வெறுஞ்சொல் அன்று. குற்றம் கண்டும் கால்மணி நேரத்துக்குள் பிடிக்காத காவலனின் பட்டம், பதக்கம், அத்தனை மாத உழைப்பு யாவையும் விளையாட்டே துடைத்தெறிந்துவிடும். குற்றவாளியிடம் விளையாட்டுக்கு வெளியே போய்ச் சமாதானம் பேசினாலும் அதே கதிதான். "பெண் கொடுத்தவரே ஆயினும்" என்பதை அன்று அவன் ஓசை நயத்துக்காகத்தான் சேர்த்தான்.

ஞாயிறு நண்பகல். கடைவீதி வாயிலில் புழுதி எழுந்தது. அப்புழுதியைக் கிழித்து, காய்கறிக் கூடைகள் கவிழ, கோழிகள் சிதற, பானைகள் நொறுங்க, கரும்புரவி ஒன்றின் மேல் நிமிர்ந்த முதுகினராய் வந்தவர் யார்? முப்பதாண்டு பேருந்து ஓட்டி ஒரு கீறலும் விழாமல் ஓய்வுபெற்றவர், பக்கத்து அறையில் பழைய மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவர், வீரனின் மாமனார்!

அந்தோ, இதை என்னென்பது! கல்யாணமாகி நான்கு ஆண்டுகளில் அவர் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஃபேனக் கொறைக்கச் சொல்லும்மா" என்று மகள் வழியாகவே ஆணைகள் வரும். ஆறு வாரத்துக்கு முன்பு இவ்விளையாட்டுக்குள் காலடி வைத்த பிறகுதான், திரையின் மூலையில், "மாப்ள, இந்தப் பாலத்தத் தாண்டலாமா?" என்று எழுதினார். அந்த "மாப்ள"வை வீரன் எத்தனை முறை வாசித்து மகிழ்ந்தான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். கயிறு வீசினால் அந்தச் சொல் போய்விடும். வீசாவிட்டால் பட்டம் போய்விடும்.

"மாமா, தயவு செஞ்சு எறங்கிடுங்க" என்று தட்டினான். பதிலில்லை. குதிரை கிணற்றைச் சுற்றியது. "சட்டம் மாமா" என்று மறுபடி தட்டினான். குதிரை மறுபடி சுற்றியது. மனம் நொந்து அணித்தலைவரிடம் முறையிட்டான். எந்த ஊரிலோ பல் பிடுங்கிப் பிழைக்கும் அப்பெருந்தலைவர் அனைவரும் காண முழங்கினார்: "சட்டத்துக்கு மாமனார் கிடையாது!"

பொங்கினான் வீரன். சட்டம் காப்பவனுக்கும் அவ்வீதியில் குதிரை கிடையாது ஆதலால் கால்நடையாகவே பாய்ந்தான். இந்த வயதில் இத்தனை வீம்பா என்று பல்லைக் கடித்து, இடப்பக்கம் பாதி செத்துப்போன மவுஸை வாளெனச் சுழற்றி, மீன்கடை தாண்டி, துணிக்கடை புகுந்து பின்வாசல் வழி வெளிப்பட்டு, தோழர் நாற்பதின்மர் கூரையேறி ஆர்ப்பரிக்க, அடுக்களையிலிருந்து "ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா, இல்ல எடுத்து வச்சிடவா?" என்று எழுந்த முரசொலியையும் செவிமடாது, எஞ்சியது பதினொரு நொடி எனத் திரை சிவக்க, கிணற்று வளைவில் பதுங்கிநின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை வீசினான்.

புரவி மறைந்தது. மாமனார் கம்பிகளுக்குப் பின்னே நின்றார். பட்டம் பிழைத்தது, தோழர்கள் வாழ்த்தினர், வீரனோ பக்கத்து அறைப் பக்கம் காதைத் தீட்டினான்.

பக்கத்து அறையில் நாற்காலி பின்னோக்கி நகரும் ஓசை கேட்டது. காலடிகள் நெருங்கின. கதவைத் திறந்து நிலைவாசலில் நின்ற அம்முதுபெரும் சாரதி, நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றி, மகள் நின்ற திசையைப் பாராமல், மருமகனின் முகத்தையே நேராகப் பார்த்து வாய் மலர்ந்தார்:

"ரொம்ப நன்றி மாப்ள. நேத்துலேருந்து அதுமேலயேதான் உக்காந்திருக்கேன். கைய எடுத்தா அது பாட்டுக்கு ஓடுது, பதில்கூட எழுத முடியல. எப்படி எறங்குறதுன்னு உங்களக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

குதிரையிலிருந்து இறங்க எஃப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும்.