எந்தப் பக்கம் வாட்டம்?

திருவண்ணாமலைக்கு வருகிற அத்தனை பேரும் மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். இந்த ஊரில் தரையை மட்டுமே பார்க்கிற ஒரே மனிதர், வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டு 'வாட்டம்' சார்தான். ஓய்வுபெற்ற ஓவர்சியர். சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடும் சரிவு. கிரகப்பிரவேசத்துக்கு அவரை அழைத்தால் தொலைந்தோம். பால் பொங்குவதற்குள் குளியலறையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, "வாட்டம் கம்மி!" என்று தீர்ப்புச் சொல்வார். எங்கள் வீட்டிலும் சொன்னார். கதவோரம் இன்றும் தண்ணீர் நிற்கிறது.

"முகம் வாடுறதும் வாட்டம், தரை சாயுறதும் வாட்டம். அது எப்படி சார்?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"செடி வாடுனா என்னா ஆவும்? தலை சாயும். ரெண்டும் அதுலேர்ந்துதான் சார் வந்துச்சு!"

தமிழறிஞர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, அவரிடம் யார் மறுத்துப் பேசுவது?

ஒரு பௌர்ணமியன்று எங்களோடு கிரிவலம் வந்தவர், அடி அண்ணாமலை அருகே பாதையில் குந்தி, பாட்டில் தண்ணீரை ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பரிகாரம் என்று நினைத்து, பின்னால் வந்த அம்மாள் ஒருத்தி தானும் ஊற்றினாள். அவளைப் பார்த்து ஒரு கூட்டமே ஊற்றியது.

"இங்க ஊத்துனா என்னா சாமி நடக்கும்?"

"தேங்காது."

"எது சாமி?"

"எதுவுமே தேங்காதும்மா."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட நடந்த வாட்டம் சாரின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. சிரிப்பால்தான் என்று நினைத்தோம்.

அது இருதயம். "இத்தனை நாளா கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாட்டம் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தரை ஒரு நூல் அளவு சாஞ்சாலும் கண்டுபுடிப்பேன் சார். தினம் பாக்குற மூஞ்சி... கொஞ்சம் கொஞ்சமா வாடுனது தெரியலயே!"

அவர் மனைவி வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு கொண்டுபோனால் வேண்டாம் என்றார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. ஒருநாள் அவர் வாசலில் நின்று கத்தினேன்.

"சார், பாத்ரூம்ல தண்ணி தேங்குது, வந்து பாருங்க!"

கதவு திறந்தது. சொம்போடு வந்தார். ஆனால் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"என்னா சார், வாட்டமா இருக்கீங்க?"

அதிலிருந்து தினமும் வருகிறார். காபி குடிக்கிறார், ஒரு சொம்பு ஊற்றுகிறார், கட்டினவனைத் திட்டுகிறார். மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள் என்று என் மனைவி நச்சரிக்கிறாள்.

கூப்பிட மாட்டேன். அந்தத் தண்ணீர் தேங்கியே கிடக்கட்டும்.