பாப்பா நெஞ்சிலே பைபாஸ்

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை பார்த்திபன் அவர்களுக்கு, உங்கள் மனைவி ஷோபனாவின் தாய்மாமன் செல்லப்பன், செஞ்சி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. நான் நலம், ஷோபனா நலம், முந்தாநாள் பிறந்த உங்கள் மகள் மிக நலம். இந்த மூன்றாவது நலத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். "பாப்பாவுக்கு நெஞ்சில பைபாஸ்" என்று போனில் நான் கதறியதை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் போன் அணைந்தே கிடப்பதால்தான் இந்தக் கடிதம்.

பாப்பாவை வெளியே கொண்டுவந்தபோது கையும் காலும் நீலம், நாவற்பழ நீலம். எனக்கு உலகமே நின்றுவிட்டது. ஆனாலும் வைத்தியம் தெரிந்தவன் என்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றேன். பாப்பா கத்திய கத்து ராஜகிரி மலையில் எதிரொலித்தது, உடம்பு சிவந்தது. டாக்டர் அனு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நர்ஸிடம், "லேசா சத்தம் இருக்கு. பைபாஸ் இன்னும் மூடல, ரெண்டு நாள்ல மூடிடும்" என்றார். பிறந்த குழந்தைக்கு பைபாஸா! அதுவும் மூடிடுமா! எனக்குத் தெரிந்த பைபாஸ் எல்லாம் நெஞ்சைக் கிழித்துச் செய்வதுதான். உங்களுக்கு ஒரு போன், அவலூர்பேட்டைக்கு ஒரு போன். அங்கிருந்து உங்கள் அத்தை பவுனம்மாள் ஓடிவந்து, ஆட்டோவிலிருந்து அழுகையோடு இறங்கி டாக்டரை மறித்தார்.

"பச்ச மண்ணுக்கு ஆப்ரேசனா தாயீ? என் நெஞ்ச அறுத்துக்கோ!"

"யாருக்கும்மா ஆப்ரேசன்? யாரு சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, வயித்துல இருக்கறப்ப பாப்பாவோட நுரையீரலுக்கு வேலையில்ல. ரத்தம் அங்க அதிகம் போகாம, இதயத்துல ஒரு சின்ன ஓட்டை, பக்கத்துல ஒரு குழாய் வழியா சுத்திப் போயிடும். மூச்சு விட்டதும் நுரையீரல் விரியும், ரத்தம் உள்ள பாயும், அந்த வழி தானா மூடிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். உங்களுக்கும் இருந்துச்சு."

எனக்குமா! நெஞ்சில் ஓட்டையோடு பிறந்திருக்கிறேன், இத்தனை வருஷமாக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை! ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அதாவது டாக்டர், பைபாஸ் ரோட்ட மூடியாச்சு, திண்டிவனம் பஸ்ஸு இனிமே ஊருக்குள்ள வந்துதான் போவணும்" என்றேன். அவர் அசந்துபோனார். மருத்துவக் கல்லூரியில் இதைப் பாடமாக வைப்பதாகச் சொன்னார், சொல்ல வாயெடுத்தார்.

இன்று காலை சத்தமே இல்லை, வழி மூடிவிட்டது. ஆகவே பதறிக் கிளம்ப வேண்டாம்; புனேயில் உங்கள் வேலையைப் பாருங்கள், செஞ்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். கமலக்கண்ணி அம்மன் உங்கள் குடும்பத்துக்குக் குறையாத ஆயுசும், எனக்குக் கொஞ்சம் நிதானமும் தரட்டும்.

இப்படிக்கு,
செல்லப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் நீங்களே வந்து நிற்கிறீர்கள். அதுவும் மொட்டைத் தலையோடு! பாப்பா பிழைக்க வேண்டும் என்று வழியில் திருப்பதியில் இறங்கி முடி கொடுத்தீர்களாம். இந்தக் கடிதத்தை ஷோபனா தருவாள். நான் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் ஒளிந்திருக்கிறேன். தேட வேண்டாம்.