தூசி படாத தூசி மிஷின்

புதுசு காப்பான் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காடு மலைகளில் போய்த் தேட வேண்டாம். தாலுகாவுக்கு நூறு பேராவது தேறுவார்கள். நாற்காலிக்கு உறை, உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் துண்டு, துண்டு அழுக்காகாமலிருக்க வந்தவரை நிற்கவைத்தே பேசி அனுப்புவது. கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தைப் பிரிக்காமல் சைக்கிளை ஐந்து வருஷம் தள்ளிக்கொண்டே நடப்பது. மழை பிடித்துக்கொண்டால் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் இவருடைய நித்திய வழக்கம். "பொருளுன்னா வச்சிக்கத் தெரியணுங்க" என்பதை நாளைக்குப் பத்து முறை சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. வைத்துக்கொள்ளத் தெரியும், சந்தேகமே இல்லை. எதற்காக வாங்கினோம் என்பதுதான் தெரியாது.

வீட்டோடு நிற்கிறவரை இந்த இனத்தால் பெரிய கெடுதல் இல்லை. நனைந்தால் நனைகிறார், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இப்படிப்பட்டவரிடம் நாற்பது பேர் வேலை செய்யும் மில் ஒன்று இருந்துவிட்டால்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரம்பலூரில் தர்மராஜ் என்று ஒரு பருத்தி அரவை மில் முதலாளி. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சை எடுக்கும் இடம் அது. பிரிக்கும்போது கிளம்புகிற தூசி இருக்கிறதே, அதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். பார்க்கவும் முடியாது, கண்ணைத் திறக்க விடாது. மாசி மாதம் பாடாலூரிலிருந்து பருத்தி வண்டியோடு போகும்போதெல்லாம் நான் வாசலிலேயே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். எனக்கு அங்கே அரைமணி நேர வேலைதான். உள்ளே இருந்த பெண்களோ காலை ஏழு மணி முதல் பொழுது சாய்கிறவரை அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் இருசம்மாள். பதினாறு வருஷமாக மிஷின் வாயில் பருத்தியை அள்ளிப் போட்டவள். நாலு வார்த்தை பேசினால் இரண்டு இருமல் வரும். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாளாம். மூச்சு நின்றுபோவதற்குள் அந்தத் தூசிக்கு ஒரு வழி பிறக்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் மில்லைப் பார்க்க வந்த ஃபாக்டரி இன்ஸ்பெக்டர், தூசிமண்டலத்தில் முதலாளி எது, பஞ்சு மூட்டை எது என்று புரியாமல் மூட்டைக்கு வணக்கம் சொன்னாராம். வெளியே வந்து பத்துத் தும்மல் தும்மிவிட்டு, அடுத்த வருஷத்துக்குள் தூசி உறிஞ்சும் மிஷின் வைக்காவிட்டால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். தர்மராஜ் வாங்கினார். வாங்குவதில் இந்த இனம் ஒருநாளும் பின்வாங்காது.

மிஷின் ரயிலில் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து மூன்று மாட்டு வண்டிகளில் பெரம்பலூர் வந்து சேர்ந்தது. பின்னாலேயே கோயம்புத்தூரிலிருந்து அரங்கநாதன் என்ற ஃபிட்டர் வந்து பத்து நாள் தங்கிப் பொருத்தினார். ஒவ்வொரு அரவை மிஷினுக்கும் மேலே புனல்போல ஒரு தகர வாய், அதிலிருந்து குழாய், குழாயின் கோடியில் பெரிய காற்றாடி. காற்றாடி தூசியை இழுத்து, வரிசையாகத் தொங்கும் ஆறு கெட்டித் துணிப் பைகளுக்குள் தள்ளும். தூசி பைக்குள் தங்கிவிடும், நல்ல காற்று துணி வழியாக வெளியே வரும். பச்சை வர்ணம் பளபளத்தது. தர்மராஜ் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், எலுமிச்சம்பழம் கட்டினார், மில்லின் இன்ஜின் டிரைவர் கொளஞ்சி காற்றாடிக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டான்.

"காலையில மில்லு ஓட ஆரம்பிச்சா இதும் ஓடோணுங்க. சாயங்காலம் நின்னதும் பையை ஒதறி, அடிப்பெட்டித் தூசியைக் கொட்டிப் போடுங்க. வாரம் ஒருக்கா எண்ணெய் விடுங்க. அவ்வளவுதானுங்க" என்றார் அரங்கநாதன்.

"பை அழுக்காயிடுமே?" என்றார் தர்மராஜ்.

"அழுக்காகறதுக்குத்தானுங்க பையே!"

இந்த ஒரு வாக்கியம் தர்மராஜின் தலைக்குள் இறங்கவே இல்லை.

அன்று ஒருநாள் முழுக்க மிஷின் ஓடியது. இந்தக் கோடியில் நின்ற இருசம்மாளுக்கு அந்தக் கோடிச் சுவரில் மாட்டியிருந்த சாமி படம் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. பதினாறு வருஷமாக அதை முருகன் என்று நினைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறாள், பார்த்தால் பிள்ளையார். அன்றைக்கு அவள் மத்தியானக் கஞ்சியை இருமாமல் குடித்தாள் என்று கொளஞ்சியே என்னிடம் அதிசயமாகச் சொன்னான்.

சாயங்காலம் ஃபிட்டர் பஸ் ஏறினார். தர்மராஜ் பைகளைப் பார்த்தார். காலையில் வெள்ளை வெளேரென்று தொங்கியவை மண் நிறமாகியிருந்தன. கண்ட்ரோல் கடையில் ஒரு முழம் துணிக்கு அடித்துக்கொள்கிற காலத்தில் இந்த மாதிரித் துணியை இப்படி நாசம் பண்ணுவார்களா? மனிதர் துடித்துப்போனார். மறுநாளே ஆறு பைகளும் வெளுக்கப் போயின; இஸ்திரி போட்டு, மடித்து, பாச்சை உருண்டையோடு பீரோவுக்குள் ஏறின. பை இல்லாமல் மிஷின் எப்படி ஓடும்? பெல்ட்டும் கழன்றது. காற்றாடிமீது தூசி படியாமலிருக்கப் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி அதன்மேல் போர்த்தினார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். தூசி பிடிக்கிற மிஷினுக்குத் தூசி படாமல் போர்வை.

இருசம்மாள் போய்க் கேட்டாள்.

"மொதலாளி, அந்த மிஷினு ஓடலீங்களா?"

"ஓட்டிக்கிட்டே இருந்தா தேஞ்சிடும்மா. பொருளுன்னா வச்சிக்கத் தெரியணும். ஆமா, நீதான் அது மேல அக்கறையா கேக்குற. தார்ப்பாய எடுத்துட்டுத் தெனம் ரெண்டு வேள ஈரத்துணியால தொடச்சி வையி."

அப்படியாக இருசம்மாளுக்குப் புது உத்தியோகம் கிடைத்தது. தூசி மிஷினுக்குத் தூசி தட்டுவது. இருமிக்கொண்டே துடைத்தாள். பதினோரு மாதம் துடைத்தாள். பச்சை வர்ணத்தில் முகம் பார்த்துத் தலைவாரலாம், அவ்வளவு சுத்தம்.

இன்ஸ்பெக்டர் வரும் தேதியை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துவிட்டு வந்தார். பைகள் பீரோவிலிருந்து இறங்கின, பெல்ட் ஏறியது, அரைமணி நேரம் மிஷின் ஓடியது. பைகளில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. இத்தனை நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் மிஷினை வேறெங்கும் கண்டதில்லை என்று அவர் புஸ்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார். இஸ்திரி மடிப்பைப் பார்த்தும் சந்தேகம் வராத அந்த மகானைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அவருடைய கார் வேப்பந்தட்டை ரோட்டில் திரும்பியதும் கொளஞ்சிக்கு உத்தரவு வந்தது: "பெல்ட்ட கழட்டுடா, பையெல்லாம் பாழாவுது!" சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கண்ணாடிமேல் தூசி விழாமலிருக்க ஒரு பட்டுத்துணி.

மறுநாள் காலை பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார்கள். வெளியே பருத்தி வண்டிகள் வரிசையாக நின்றன. என் வண்டி மூன்றாவது. இருசம்மாள்தான் பேசினாள்.

"மிஷினு ஓடுனாத்தான் மொதலாளி உள்ளார வருவோம்."

"தேஞ்சிடும்னு எத்தினி தடவ சொல்றது?"

"மிஷினு தேயக்கூடாது, சரி. எங்க நெஞ்சு என்னா இரும்பா? அதுக்கு ஒரு தார்ப்பாயி வாங்கிப் போத்துங்க, போறோம்."

தர்மராஜ் வண்டிகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. இன்னியிலேருந்து தெனம் அது ஓடும். பிள்ளையார் மேல சத்தியம்" என்றார். பெண்கள் உள்ளே போனார்கள். நான்கூட அந்த மனிதரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை நினைத்தேன். அந்த இரண்டையும் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பகல் முழுக்க அரவை மிஷின்கள் ஓடின. இதோ ஓட்டப்போகிறார், இதோ ஓட்டப்போகிறார் என்று பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருமினார்கள். சாயங்காலம் சங்கு ஊதியது. எல்லாரும் வெளியே வந்து தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். ரோட்டுக்கு வந்தபோது பின்னால் உய்யென்று ஒரு சத்தம். மிஷின் ஓடுகிறது! அரவை நின்று, தூசி அடங்கி, ஆளெல்லாம் போன பிற்பாடு, காலியான மில்லின் நடுவே முதலாளி ஒருவராய் நின்று சுத்தமான காற்றை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஓட்டுனா பையும் அழுக்காவாது, சொன்ன சத்தியமும் தவறாது. எப்படி நம்ம ஏற்பாடு?" என்றார், பருத்திப் பணத்துக்காகக் காத்திருந்த என்னிடம்.

அந்த ஆளைத் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் போட்டால் என்ன என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவரும் புதுசாகவே இருப்பார் அல்லவா?

சித்திரையில் இருசம்மாளால் மில்வரை நடக்க முடியவில்லை. நான் அவளைப் பார்க்கப் போன அன்று தர்மராஜும் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை பாருங்கள், திருச்சியிலிருந்து இருமல் மருந்து ஒரு பாட்டில் தருவித்திருந்தார். அதைக் காகிதத்தோடு அவள் கையில் கொடுத்து, "ஒசந்த மருந்து. பத்திரமா வச்சிக்க. சும்மா லேசா இருமுனா தொறந்துடாத" என்றார்.

இருசம்மாள் காகிதத்தைக் கிழித்தாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். மடக்கென்று கால் பாட்டிலைக் குடித்தாள். தர்மராஜின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அடடா, சீல் போச்சே" என்று முனகினார்.

"குடிக்கத்தான மொதலாளி வாங்குனீங்க" என்றாள் அவள். அதற்குமேல் அவளுக்கு மூச்சு வரவில்லை. வைகாசி பிறப்பதற்குள் மொத்தமாகவே நின்றுவிட்டது. மிஷின் மட்டும் இன்றைக்கும் புத்தம் புதுசாக இருக்கிறது.

உங்களுக்குத் தர்மராஜ்மேல் கோபம் வருகிறது, இல்லையா? வரட்டும். இந்தப் புஸ்தகம் கசங்கக்கூடாதென்று அதற்கு நீங்கள் போட்டிருக்கும் பழுப்புக் காகித அட்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பீரோவின் மேல்தட்டில் மடிப்புக் கலையாமல் ஒரு கம்பளிப் போர்வை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன். அதை யாருக்காக வாங்கினீர்கள்? அவர் நேற்று எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்?