அக்காவின் பூட்டும் ஆறாம் எண்ணும்

பாலிகோரன்,
டிசம்பர் ஒன்பது, மழை.

பாலிகோரன் பங்கின் பெருமாட்டியும், நூறு ஏக்கருக்கும் எழுபது பசுக்களுக்கும் ஏக தலைவியும், எனக்கு நான்கு வயது மூத்தவருமான அக்கா அட்ராக்டா கிரீஹன் அவர்களின் சமூகத்துக்குத் தம்பி மலக்கி ஹெனகன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் நாயும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் இடது முழங்காலும், பசுக்களும், தங்கள் பிள்ளையும் என் மருமகனுமான கோல்மனும் சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலையில் ஒரு மணியைத் தனியாகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு மைல் தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வரலாமென்றால் கேட் பூட்டியிருக்கிறது. ஆகவே அரசாங்கத் தபாலை நம்பி இறங்கிவிட்டேன். இந்தக் கடிதம் தலைநகர் டப்ளின் வரைக்கும் போய், அங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்து, மறுபடி நம் ஊருக்கே வந்து தங்கள் கதவைத் தட்டும். என்னைவிட இதற்கு அதிர்ஷ்டம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின், அதாவது கவுண்டியின், ஹர்லிங் மட்டைப்பந்து அணியின் தேர்வாளர் ஐவரில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். அடுத்த பருவத்தில் நம் அணி பிழைக்குமா சாகுமா என்பது தங்கள் ஏப்ரன் பையில் கிடக்கிற ஒரு சாவியில் இருக்கிறது. கவுண்டி மைதானம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மைதானமே அல்ல, ஏரி. கோல் கம்பங்களுக்கு நடுவே இரண்டு அன்னங்கள் குடும்பம் நடத்துகின்றன. தண்ணீர் நிற்காத ஒரே நிலம் தங்களுடைய கீழ் வயல். பதினொரு வருடமாகக் குளிர்காலப் பயிற்சி அங்கேதான். போன செவ்வாய்க்கிழமை தாங்கள் அதன் கேட்டில் பூட்டுப் போட்டீர்கள். முதல் ஆட்டம் ஜனவரி இருபத்தைந்து. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட் திறக்காவிட்டால், வரும் வருடம் அணியே இல்லை என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாக மேலாளர் லாவெல் சொல்லியிருக்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்த மனிதர் கடைசியாகச் சிரித்தது அவர் கல்யாணத்தில். அதுவும் புகைப்படக்காரர் கெஞ்சியதால்.

முதலில் அணியின் எதிர்காலத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சென்ற பருவத்தில் ஏழு ஆட்டம், ஆறில் தோல்வி. மற்றொன்றில் பனிமூட்டம் இறங்கி நடுவர் தொலைந்துபோனார். அடுத்த பங்கில் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் விசிலும் வாயுமாகக் கண்டெடுத்தார்கள். நடுவர் தொலைந்த நிமிஷத்தில் நாம் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம் என்பதைச் சரித்திரம் மறக்கக் கூடாது. இந்த முறை நிலைமை அதைவிட மேல். கோல் கீப்பராகப் போலீஸ்காரர் ரோனன் இருக்கிறார். அவரைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். ஆனால் பாதி ஆட்டத்தில் எங்கேயாவது விபத்து என்று கூப்பிட்டால் மட்டையோடு வண்டி ஏறிவிடுகிறார். பின்மூலைகளுக்கு டைனன் சகோதரர்கள். ஒரு டிரெய்லர் விஷயமாக ஆறு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை; அதனால்தான் ஒருவனை வலது மூலையிலும் மற்றவனை இடது மூலையிலும் நிறுத்தியிருக்கிறோம், நடுவே ஐம்பது கெஜம் இடைவெளி விட்டு. நடுக்களத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஓடுகிற ஓட்டத்தில் மூன்று கவுண்டியைச் சுற்றி வந்துவிடலாம். பந்து எங்கே என்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை. பதினான்காம் எண், அதாவது எதிரியின் கோல் வாசலிலேயே நின்று கோல் அடிக்க வேண்டிய ஆள், மே மாதமே ஆஸ்திரேலியாவுக்குக் கொத்து வேலைக்குப் போய்விட்டான். மீதி இருப்பது ஆறாம் எண். நடுப் பின்காவல். அணியின் முதுகெலும்பு. அங்கே யார் நிற்பது என்ற தகராறில்தான் தாங்கள் பூட்டுப் போட்டீர்கள்.

அக்கா, இனிமேல் தாங்கள் தங்கள் என்று எழுதக் கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன். ஆறாம் எண் உங்கள் வீட்டுச் சொத்து என்பது எனக்குத் தெரியாதா? கோல்மனின் தாத்தா ஆறு. உன் வீட்டுக்காரர் மாட்டி, ஆண்டவர் அவர் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தரட்டும், அவரும் ஆறு. அவருடைய சட்டை உங்கள் நடையில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, அதுவும் ஒரு அங்குலம் உயரமாக. கிரீஹன் வீட்டு ஆண்கள் யாரையும் பின்னே விட்டு முன்னே போனது நற்கருணை வாங்க மட்டும்தான் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். முன்வரிசைக்காரன் என்றால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மற்றவன் பாடுபட்டு அனுப்புகிற பந்துக்குக் காத்திருக்கிற சோம்பேறி என்பது உன் கட்சி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை முன்னால் போய் நின்றதற்கு நான்தான் காரணம் என்று நீ ஊரெல்லாம் சொல்லுகிறாய். அதில் ஓரளவு உண்மை இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் மாதம், ஆற்றுக்கு அக்கரைக்காரர்களோடு கடைசி ஆட்டம். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வருகிற பட்டியலை நம் ஊரில் கைக்குழந்தைகூட நம்பாது. எதிரியை ஏமாற்ற மேலாளர் கொடுக்கிற பொய்ப் பட்டியல் அது. சட்டையின் எண் அதன்படி இருக்கும், ஆள் நிற்பது வேறு இடத்தில். அந்த வாரம் கோல்மனுக்குப் பொய்ப் பட்டியலில் பதினாலு. நிஜத்தில் எப்போதும்போல ஆறாம் இடம். இதை உடை மாற்றும் அறையில் லாவெல் ஒவ்வொருவர் காதிலும் சொன்னார். கோல்மன் அப்போது வரவில்லை. உன் கிடாரிகள் மூன்று வேலி தாண்டிச் சாலைக்கு வந்து, அவற்றை மடக்கிக்கொண்டிருந்தான். வந்ததும் அவன் காதில் சொல்ல வாசலிலேயே நிற்கும்படி எனக்கு உத்தரவு. நான் நின்றேன். வாசலில்தான் நின்றேன். தேநீர்க் கூடாரத்து வாசலில். அங்கே ஆப்பிள் கேக் வைத்திருந்தார்கள். நான் திரும்புவதற்குள் பையன் ஓடி வந்து, ஆணியில் மாட்டியிருந்த பதினாலை எடுத்துப் போட்டுக்கொண்டு, நேரே எதிரியின் கோல் வாசலில் போய் நின்றுவிட்டான். அங்கே ஏற்கெனவே ஆறாம் எண் சட்டையோடு நம் மாற்று ஆட்டக்காரன் ஃபெலிம் நிற்கிறான். அவர்கள் பேசியது கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"நீ எதுக்குடா இங்க வந்தே?"

"என் முதுகுல பதினாலு இருக்கு, பாத்தியா?"

"அது பொய்ப் பதினாலுடா."

"அப்ப நிஜப் பதினாலு யாரு?"

"நான்தான். ஆறு போட்டிருக்கேன், தெரியலையா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிரணிப் பின்காவலன் முதுகிலும் ஒரு பொய் எண்தான். இவர்களில் யாரை நான் பிடிக்க வேண்டும் என்று தன் மேலாளரைக் கேட்க அவன் கோட்டோரம் நடந்தான். அந்த நேரத்தில் பந்து வந்தது. கோல்மன் அடித்தான். கோல். பின்காவலன் மறுபடி கேட்கப் போனான், மறுபடி கோல். இப்படி மூன்று. அந்தச் சத்தத்தில் ஆற்றில் மீன்கள் கரைக்குத் துள்ளின என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், விட்டுவிடு. நாம் ஏன் தோற்றோம் என்று கேட்காதே. அதைப் பற்றி இங்கே எழுத இடமில்லை.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை லாவெல் எங்கள் ஐந்து பேரையும் ஓட்டலின் பின்னறைக்குக் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கான அணியை எழுதி ஆளுக்கு ஒரு தாளை மடித்துக் கொடுத்தார். ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள், வெளியே மூச்சு விடாதீர்கள் என்றார். நான் பிரித்தேன். பதினாலு: கோல்மன் கிரீஹன். ஆறு: ஃபெலிம். என் இதயம் நின்றது, பிறகு வேறு வேலை இல்லாததால் மறுபடி ஓடியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முடிவெட்டும் ஜார்லத்திடம் மட்டும் சொன்னேன். அதுவும் முகத்தில் சூடான துண்டு போட்டிருந்தபோது. துண்டுக்குள் பேசியது வெளியே போகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? நான் சொன்னது நாலே காலுக்கு. இரும்புக் கடையில் நீ பூட்டு வாங்கியது ஐந்து பத்துக்கு. தந்தியைக்கூட நம் ஊர் வெட்கப்பட வைத்துவிடும்.

அன்றைக்கு நான் கேட்டுக்கு ஓடி வந்தேனே, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். "ஆறு போட்டுக்கிட்டு வரட்டும், தொறக்கறேன். பதினாலுன்னா, உங்க அணி அந்த அன்னங்களோட போய் வெளையாடட்டும். மலக்கி, நீ அவனுக்குத் தாய்மாமன்டா. உன் கையை வச்சே என் புள்ளைய முன்னாடி தள்ளிட்டியே." நாய்கூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். புதன்கிழமை மாட்டுச் சந்தைக் கொட்டகையில் பயிற்சி வைத்தோம். ஏலக்காரருக்குக் கை சும்மா இருக்காதே, எடை மேடையில் ஏறி இறங்கிய முப்பத்து நாலு பேரையும் எடை போட்டார். டைனன் பெரியவனுக்கு ஏலம் ஆயிரத்து நூறு யூரோ வரை போனது. அவன் தம்பி, ஆறு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "அவ்வளவு பெற மாட்டான்" என்றான். அதோடு பயிற்சி கலைந்தது. சனிக்கிழமை கடற்கரைக்குப் போனோம். வாத்தியார் ஓடினார் ஓடினார், அலை ஏறியது தெரியாமல் ஓடினார். அவரை நண்டுப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நேற்று கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் விளையாடிப் பங்குச் சாமியாரின் காரில் முன்கண்ணாடி போயிற்று. சாமியார் நல்லவர், மன்னித்துவிட்டார். ஆனால் ஞாயிறு பூசையில் மன்னிப்பைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசப்போகிறாராம்.

கோல்மன் என்ன சொல்கிறான் என்று நீ அவனைக் கேட்டாயா? நான் கேட்டேன். பால் கறக்கும் கொட்டகையில், தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "மாமா, எனக்கு எந்த நம்பரா இருந்தாலும் சரி. வயல் பூட்டிக் கிடந்தா நான் எங்க போய் நிக்கறது? அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லுங்க." இருபத்து நாலு வயசு. விடியற்காலை எழுபது பசு, சாயங்காலம் எழுபது பசு. நடுவில் அவனுக்கென்று இருப்பது அந்தக் கீழ் வயலில் இரண்டு மணி நேரம்தான், அக்கா.

ஆகவே தீர யோசித்து, பெருந்தன்மையோடு ஒரு முடிவுக்கு வா. முன்வரிசை ஒன்றும் கேவலமல்ல. உலகத்தின் மகத்தான காரியங்கள் எல்லாம் முன்னால் நின்றவர்களால்தான் நடந்தன. பின்காவல் என்பது என்ன, வருகிறவனை வழியில் மறிப்பது. அது சுங்கச் சாவடி வேலை. கோல் அடிப்பதோ பேராயர் வேலை. மூன்று கோல் அடித்தவனை இன்னும் பின்னால் கட்டி வைப்பது பாவம் என்று தேர்வாளன் என்ற முறையில் என் இறுதியான, மாறாத, அசைக்க முடியாத கருத்து. இதை நான் என் கல்லறைக்குக் கொண்டுபோவேன்.

உனக்கும் பிள்ளைக்கும் பசுக்களுக்கும் புனித பிரிஜித்தம்மாள் துணை இருக்கட்டும். உன் முழங்காலுக்கு ஆடு மார்க் எண்ணெய் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன், கேட் திறந்ததும் கொண்டுவருவேன்.

என்றும் உன் காலடியில் கிடக்கும்,
மலக்கி ஹெனகன்,
கவுண்டி அணித் தேர்வாளர்.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் இதை உறையின் முதுகிலேயே எழுதுகிறேன். தபால் நிலைய வாசலில் லாவெலைப் பார்த்தேன். எங்கள் ஐந்து பேருக்கும் அவர் கொடுத்தது ஐந்து வெவ்வேறு தாள்களாம். அறையில் பேசுவதை அக்கரைக்காரர்களுக்குப் போய்ச் சேர விடுகிறவன் யார் என்று கண்டுபிடிக்க. "பதினாலுல கோல்மன்னு எழுதினது உன் தாள்ல மட்டும்தான், மலக்கி" என்றார். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "அவன் முன்னாடி மூணு அடிச்சான். அவன் நிக்காத ஆறாம் இடத்து வழியா நம்ம கோலுக்குள்ள அஞ்சு போச்சு. எனக்கு ஆறுக்கு வேற ஆளே கிடையாது." பிறகு கையை நீட்டினார். தேர்வாளர் மேலங்கியை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆகவே மேலே கையெழுத்துக்குக் கீழே இருக்கிற பட்டத்தை அடித்துவிடு. முன்வரிசையைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடு. சோம்பேறிகள்தான், நீ சொன்னதுதான் சரி. கோல்மன் ஆறு. கேட்டைத் திற. ஞாயிறு பதினோரு மணிக்குப் பயிற்சி. எனக்கு இனி உள்ளே வேலை இல்லை, உன் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. இந்த ஆறாம் எண் விஷயம் உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று லாவெல் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

தபால்காரருக்கு: இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இனி இது டப்ளின் போய்த் திரும்ப வேண்டாம். போகிற வழியில் அக்காவிடம் வாயாலேயே சொல்லிவிடுங்கள். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.