உரம் போடச் சொன்ன ஆம்ப்ளிஃபையர்

கிட்டார் வாசிப்பதில் எனக்கு இருக்கும் திறமையைவிட, கிட்டாரைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்துகள் அதிகம். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தென்காசியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிட்டாரிஸ்ட். பழைய சினிமாப் பாட்டு, இந்தி, இங்கிலீஷ் என்று அடுத்தவர்கள் போட்ட மெட்டுகளையெல்லாம் வாசிக்கும் மூன்று பேர் குழு எங்களுடையது. டிரம்ஸ், என் பள்ளிக்கூடத்து நண்பன் மாரியப்பன். பாடுவது என் மனைவி மீனா.

மீனாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இலஞ்சியில் நடக்கும் வரவேற்புக்கு நாங்களே வாசிப்பதென்று முடிவானது. மாமனாருக்கு மட்டும் அதில் இஷ்டமில்லை. அவர் நெல் விவசாயி. “கண்ணாடிக் கடை வச்சிருக்காருன்னுதான் பொண்ணக் குடுத்தேன், தந்தி அடிக்கதுக்கா குடுத்தேன்?” என்று சொந்தக்காரர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தார். அன்று அவரைக் கைதட்ட வைத்தே தீருவது என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. அதற்குப் புது ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரு கடையில் இரண்டு ஆம்ப்கள் இருந்தன. ஒன்று சின்னது, கறுப்பு. எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் வேண்டுமோ, குமிழைத் திருப்பினால் வரும். இன்னொன்று அந்தக் கால மாடல். கோதுமை நிறத் துணி, தோல் கைப்பிடி, உள்ளே ஆரஞ்சாக எரியும் வால்வுகள். தூக்கினால் இடுப்பு பேசும்.

“ஏலே, சின்னத எடுலே. எல்லாப் பாட்டுக்கும் ஒத்து வரும்” என்றான் மாரியப்பன்.

“அதுல உயிர் இல்லடா” என்றேன். (அதற்குள் முந்நூறு வீடியோ பார்த்திருந்தேன். ஒன்றில்கூட எப்படி வாசிப்பது என்று பார்க்கவில்லை.)

பெரியதை வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். கிட்டாரை அதில் மாட்டக் கூடவே கொடுத்த கறுப்பு கேபிள் அந்தப் பழமைக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. இஸ்திரிப் பெட்டிக்குப் போடுவார்களே, துணி சுற்றிய ஒயர், அதை எலக்ட்ரிக் கடையில் நீளமாக வாங்கி நானே பற்றவைத்தேன். பார்க்க அற்புதமாக இருந்தது. லேசாக முனகியது. “வின்டேஜ்னா அப்படித்தான்” என்று மீனாவிடம் விளக்கினேன்.

வரவேற்பன்று வெளியே குற்றாலத்துச் சாரல். உள்ளே மண்டபம் நிறைய ஆட்கள். முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவது, மெதுவான காதல் பாட்டு. நான் தனியாகத் தொடங்க வேண்டும். வால்யூமை ஏற்றி, கண்ணை மூடி, நாலு சுரம் வாசித்து, நெஞ்சைத் தொடும் ஓர் இடைவெளி விட்டேன்.

அந்த இடைவெளியில் ஆம்ப் பேசியது.

“...தூர் கட்டும் பருவத்தில் இலைகள் மஞ்சளானால், தழைச்சத்து உரத்தைப் பிரித்து இட வேண்டும்...”

வானொலி. வேளாண் நிகழ்ச்சி. என் அழகான ஒயர் ரேடியோ அலையைப் பிடிக்கும் ஏரியலாக மாறியிருந்தது.

கூட்டம் சிரித்தது. மீனா மைக்கிலேயே சிரித்தாள். பதறிப்போய் நான் வேகமாக வாசிக்க, மாரியப்பனும் சேர்ந்து அடிக்க, முன் வரிசையிலிருந்து ஒரு அண்ணாச்சி எழுந்தார். “ஏலே, எவம்லே அங்கன தட்டுதது? நிறுத்துலே! நல்ல விஷயம் சொல்லுதான்லா!”

நான் ஒயரைப் பிடுங்கினேன். குரல் நின்றது. பாதி மண்டபம் “ஐயையோ” என்றது. மாமனார் மேடைக்கே வந்துவிட்டார்.

“மாப்ளே, அதத் திருப்பி மாட்டுங்க. எங்க வயலு மஞ்சளாத்தான் கெடக்கு.”

“மாமா, பாட்டு...”

“பாட்டு எங்க போவுது? மாட்டுங்க.”

மாட்டினேன். கரகரவென்றது. கிட்டாரைத் தூக்கிப் பிடித்தபோது தெளிந்தது.

“அப்படியே நில்லுங்க! கொஞ்சம் செங்கோட்டப் பக்கமாத் திரும்புங்க. ஆங். கைய எறக்காதீங்க.”

கோட்டு போட்டுக்கொண்டு, கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கியபடி, பூச்சி மருந்து, களை, பாசனம் எல்லாம் முடியும்வரை நின்றேன். மணமகனும் மணமகளும் மாலையோடு கேட்டார்கள். போட்டோக்காரர் மூன்று கோணங்களில் எடுத்தார். கடைசியில் வானொலிக்காரர் வணக்கம் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. மாமனாரும்தான். அது எனக்கில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாளே கடையில் கொடுத்த கறுப்பு கேபிளை மாட்டினேன். ஆம்ப் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வீட்டில் பேச்சு நிற்கவில்லை. போன வாரம் மாமனார் வீட்டில் வீடியோ கால் விட்டுவிட்டு வந்தது. அவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஏட்டி மீனா, மாப்ளைய மொட்டை மாடிக்கு அனுப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். கோபத்தில் நானும் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். போய் நின்றதும் வீடியோ கால் தெளிவாக வந்ததாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.