கைதட்டல் கைமாறிய ஞாயிறு

ரொசாரியோ நகரத்தில் பொருளாதாரம் பேசாதவர் கிடையாது. ஆனாலும் ரேடியோக்காரர்கள் கூப்பிடுவது பேராசிரியர் நோர்பெர்த்தோ ஜாக்கோனேயைத்தான். அந்த வெள்ளிக்கிழமை விவாதம், தலைவலி மாத்திரையை மளிகைக்கடையிலும் விற்கலாமா என்பது. "யார் வேண்டுமானாலும் விற்கட்டும்" என்றார் அவர். "போட்டிக்குப் பயப்படுகிறவன்தான் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்."

பேசிய சூட்டோடு வீட்டுக்கு வந்தார். இனி வீட்டிலும் சட்டம் எதுவும் செல்லாது என்று மனைவி நெலிதாவிடம் அறிவித்தார்.

அவர் குறிவைத்தது ஒரே ஒரு சட்டத்தை. இருபத்தொன்பதாம் தேதியானால் மாமியார் எர்சிலியா வீட்டில் உருளைக்கிழங்கு மாவில் பிடித்த ஞோக்கி உருண்டை சாப்பிட்டாக வேண்டும். அன்று ஊர் முழுக்க ஞோக்கிதான். ஆனால் மாமியார் பிடித்த உருண்டை உள்ளே போனால் அடுத்த மாதம் பாதிவரை இடத்தைக் காலி செய்யாது.

"எல்லாச் சட்டமுமா?" என்றாள் நெலிதா.

"எல்லாந்தான்."

"நல்லா யோசிச்சுக்கோங்க, கிழவரே."

"யோசிக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க?"

"சரி. அம்மாகிட்டயும் சொல்லிடறேன்."

அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்துத் தணலடுப்பு அவருடையது. வேறு யாரும் இறைச்சி சுடும் கம்பியைத் தொடக்கூடாது. இறைச்சியை ருசி பார்த்ததும் சுட்டவருக்கு எல்லோரும் கைதட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வாரம் முழுக்க ரேடியோவில் அவரைத் திட்டுவார்கள். வகுப்பில் கொட்டாவி விடுவார்கள். அந்த ஒரு கைதட்டலை நம்பித்தான் மனிதர் அடுத்த ஞாயிறுவரை தாக்குப்பிடித்தார். அதுவும் ஒரு சட்டம்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் அவரை எழுப்பியது புகை. முற்றத்துக்கு ஓடினார். மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்து தணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தை! அது என் அடுப்பு!"

"அடுப்பு உங்களுதுதான் மாப்பிள்ளை. விறகு நான் கொண்டாந்தேன்."

"நெலிதா! இங்க வா! இது என்ன அநியாயம்?"

"அநியாயமா? போட்டி! ரேடியோவுல கத்துனீங்களே, ஒளிஞ்சுக்கிறவன் யாருன்னு?"

"அது மாத்திரைக்கு!"

"மாத்திரைக்கு ஒரு நியாயம், மாட்டு விலா எலும்புக்கு ஒரு நியாயமா?"

மதியம் மகளும் மருமகன் தாதியோவும் வந்தார்கள். கத்தி படுவதற்குள் எலும்பைவிட்டுக் கறி நழுவியது. "சுட்டவங்களுக்கு ஒரு கைதட்டு!" என்று தாதியோ எழுந்து நின்றான். மேசையே அதிர்ந்தது. நோர்பெர்த்தோவும் தட்டினார். நேர்மையான மனிதர், இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். தட்டிக்கொண்டே, அந்தக் கைதட்டல் தன்னைக் கடந்து மாமியாரிடம் போவதைப் பார்த்தார்.

எல்லோரும் போனபின் மெல்ல ஆரம்பித்தார்.

"நெலிதா, சில விஷயத்துக்குக் கட்டுப்பாடு வேணும். நெருப்பு, பாரு. அத்தைக்கும் வயசாகுது."

"ஆமாங்க. நெருப்பு விளையாட்டில்ல."

"அதான் சொல்றேன்."

"இனிமே உரிமம் இருக்கிறவங்கதான் சுடணும். சரிதானே?"

"அருமை! இதைத்தான் எதிர்பார்த்தேன்."

"விவரம் தெரிஞ்சவங்க பரிசோதிச்சு உரிமம் கொடுக்கட்டும்."

"யாரு அந்த விவரம் தெரிஞ்சவங்க?"

"இன்னிக்கு யாருக்குக் கைதட்டுனீங்க?"

முதலில் உள்ளே நுழைந்தவர் பின்னால் வருகிறவருக்குக் கதவைச் சாத்துவார் என்பது, அவர் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நடத்துகிற பாடம். நடத்தினாரே தவிர, கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பரிசோதனை. நோர்பெர்த்தோ தன் கையால் சுட்டார். நல்ல துண்டாகப் பார்த்து மாமியார் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியில்கூட உட்காராமல் நின்றார். மாமியார் வாயில் போட்டார். மென்றார். ஒயினைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் மென்றார். மேசையைச் சுற்றி எல்லோருடைய கைகளும் மடியிலேயே இருந்தன.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு நெலிதாவைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை ரேடியோவுல நல்லாத்தான் பேசறாரு."