அன்பின் ஒன்பது பொருளும் எட்டுத் துண்டு கருவாடும்

எதையும் எண்ணாமல் விட்டவனில்லை நான். வீட்டுப் படிக்கட்டு பதினொன்று. காலை மாத்திரை நாலு. மனைவி என்னைப் பார்த்து "சும்மா இருங்களேன்" என்று சொல்வது நாளைக்குச் சராசரியாக ஒன்பது முறை. அப்பேர்ப்பட்டவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எண்ணிக்கை நடுவில் நின்றுபோனது. அதுவும் நாற்பத்தொரு பையன்கள் முன்னால்.

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடலூர்ப் பக்கம் எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் வேலைக்குப் போகப் பார்த்த முதல் ஆள் நான். ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதுவும் போனால் அண்ணனோடு படகில் ஏறுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். (அலையைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வரும். குப்பத்தில் பிறந்தவன் இதை வெளியே சொல்ல முடியுமா?)

கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"வஞ்சிரக் கருவாடுடா. எட்டுத் துண்டு. பெரிய வாத்தியாரு கையில குடு."

"இண்டர்வியூவுக்குக் கருவாடு தூக்கிக்கிட்டுப் போவாங்களாம்மா? சிரிப்பாங்க."

"மொத மொதல்ல ஒருத்தரப் பாக்கப் போறப்ப வெறுங்கையோடயா போறது? பிரியமாக் குடுத்தா எவன்டா சிரிப்பான்?"

ரயில் பெட்டியில் ஐம்பத்து மூன்று பேர். அதில் பதினேழு பேர் மூக்கைச் சுளித்தார்கள். நானும் சுளித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரை முறைத்தேன். (பாவம், அவர் மடியில் இருந்தது பலாப்பழம்.)

பள்ளியில் தலைமையாசிரியர், "ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு மாதிரி வகுப்பு நடத்துங்க" என்று சொல்லிக் கடைசி பெஞ்சை நோக்கி நடந்தார். அவர் முதுகு தெரிந்த அந்த நேரத்தில் பொட்டலத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். மூடிவிட்டோமா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

நான் எடுத்துக்கொண்ட சொல் அன்பு. ஒன்பது பொருள் தயார் செய்து வைத்திருந்தேன். பிள்ளைமேல் வைத்தால் பாசம், தோழன்மேல் வைத்தால் நட்பு, கடவுள்மேல் வைத்தால் பக்தி, துன்பப்படுகிறவன்மேல் வைத்தால் இரக்கம். ஐந்தாவதாகக் காதல் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆறாவது, வெறும் மரியாதை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் 'அன்புடையீர்' என்றுதான் ஆரம்பிக்கும்" என்றேன். தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது பொருளில் ஜன்னல் வழியாகப் பூனை வந்தது.

நேராக மேசைக்கு வந்து இழுப்பறையைப் பிறாண்டியது. எட்டாவதை நான் சத்தமாகச் சொன்னேன். பூனை என்னைவிடச் சத்தமாகச் சொன்னது. ஒன்பதாவது எனக்கு மறந்தே போயிற்று.

"சார், கருவாட்டு வாடை வருது சார்" என்றான் முதல் பெஞ்சுப் பையன்.

தலைமையாசிரியர் எழுந்து வந்து இழுப்பறையைத் திறந்தார்.

"யாருது இது?"

"தெரியலைங்க ஐயா. முன்னாடி வந்தவங்க யாராச்சும் வச்சிருப்பாங்க."

அவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "நெத்திலியோ?"

"இல்லைங்க, வஞ்சிரம்" என்றது என் வாய்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். கருவாட்டை மடித்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். "எட்டாம் வகுப்பு. தமிழ், அரையாண்டுப் பரீட்சை. மார்க் முப்பத்தொண்ணு." அடுத்து வாசித்தது என் பெயரை. நாற்பது பையன்கள் சிரித்தார்கள். (ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.)

"யாரு குடுத்தனுப்புனது?"

"அம்மாங்க."

"யாருக்கு?"

"ஒங்களுக்குங்க."

"எனக்குக் குடுத்தனுப்புனத இல்லைன்னு சொல்ல நீங்க யாருங்க? நான் சிதம்பரம் வந்து நாலு வருஷமாச்சு. இப்பிடி ஒரு வஞ்சிரத்த மோந்து பாத்ததில்ல." பொட்டலத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி, ஒம்பதாவது என்ன?"

"மறந்துபோச்சுங்க."

"திங்கக்கெழம சொல்லுங்க. வேலையில சேர வர்றப்ப."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். "கருவாடு மடிக்க வேற தாளே கெடைக்கலயா?"

எழுத்து தெரியாத அம்மா என் பழைய பரீட்சைத் தாள்களையெல்லாம் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்டா. அதுலதான் செவப்பு மசி ஜாஸ்தியா இருந்துது. வாத்தியாரு அம்மாந்தூரம் எழுதியிருக்காருன்னா எம்மாம் மெச்சியிருப்பாரு! பெரிய வாத்தியாரும் பாக்கட்டும்னுதான்."

அந்தச் சிவப்பு மையில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கினேன். ஒருநாள்கூடப் படகில் ஏறவில்லை. ஒன்பதாவது பொருள் மட்டும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. தலைமையாசிரியரும் திங்கட்கிழமை கேட்கவில்லை. "அம்மாகிட்டச் சொல்லுங்க, எட்டும் காலி" என்றார்.

எங்கள் வீட்டில் மார்க் குறைந்த பரீட்சைத் தாளுக்குப் பெயர் கருவாட்டுத் தாள். போன வாரம் பேரன் போன் செய்தான்.

"தாத்தா, கணக்குல கருவாட்டுத் தாள்."

"திட்டமாட்டேன். செவப்பு மை எவ்வளவு?"

"பக்கம் முழுக்க தாத்தா."

"பத்திரமா எடுத்து வை" என்றேன். "நீ வேலைக்குப் போறப்ப ஒதவும்."